முதல் நாள் ரத்தமும் மூன்றாம் மாத ரத்தமும்: பாலியல் வன்கொடுமைக்குப் பின் தொற்றறிதல்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரிடம் பால்வினைத் தொற்றைக் கண்டறிவதைத் தடயச் சேகரிப்பின் ஓர் அங்கமாகவே காவல் நிலையமும் நீதிமன்றமும் பார்த்துப் பழகிவிட்டன. இப்பார்வை பிழையானது. நாள் ஏற ஏறத் தடயம் அழியும். தொற்றோ நாள் ஏறினால்தான் வெளிப்படும். முன்னதற்குரிய அவசரத்தைப் பின்னதன்மேல் ஏற்றினால் நோயும் தப்பிவிடும், நீதியும் தடுமாறும்.

நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, உடல்மாதிரித் தடயம் ஏறக்குறைய 96 மணி நேரம் வரை தேடத்தக்கது. ஆனால் எச்ஐவி, சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி ஆகியவை ரத்தத்தில் தெரியவர வாரங்கள் ஆகும். ஆகவே முதல் நாள் முடிவு, பாசிட்டிவோ நெகட்டிவோ, சம்பவத்துக்கு முந்தைய உடல்நிலையின் பதிவே. ‘தொற்று இல்லை, ஆகவே வன்கொடுமை இல்லை’ என்பது பொய்த்தருக்கம். பாசிட்டிவ் முடிவைக் காட்டிப் பெண்ணின் ஒழுக்கத்தைக் கிளறுவதற்கும் இடமில்லை. முந்தைய பாலுறவு அனுபவம் சம்மதத்தைத் தீர்மானிக்கப் பொருந்தாது என்கிறது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 48ஆம் பிரிவு.

குழந்தைகளிடத்தில் நிலைமை வேறு. பச்சிளம் பருவம் கடந்து, பூப்பெய்தாத குழந்தையிடம் வெட்டைநோய் உறுதியானால், அது பாலியல் வன்முறையின் வலுவான அறிகுறி. கிளமிடியாவுக்கு அவ்வளவு எடை தர முடியாது; பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றியது இரண்டு மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும். ஒரு தவறான பாசிட்டிவ் ஒரு குடும்பத்தையே குலைத்துவிடும் என்பதால், வேறொரு முறையில் மறுசோதனை செய்து உறுதிப்படுத்துவது இங்கே கட்டாயம்.

சோதனை காத்திருக்கலாம்; சிகிச்சை காத்திருக்கலாகாது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சில மணி நேரத்திலேயே தொடங்கி 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகும்வரை அதை நிறுத்திவைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை. அரசு, தனியார் என்ற பேதமின்றி இலவச உடனடிச் சிகிச்சையைக் கட்டாயமாக்குகிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு.

சட்டத்தின் நாட்கணக்கும் நோயின் நாட்கணக்கும் முட்டுவது இதற்குப் பின்தான். மருத்துவ அறிக்கை ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரியிடம் சேர வேண்டும். கடும் பாலியல் குற்றங்களில் புலன்விசாரணை இரண்டு மாதத்தில் முடிய வேண்டும். எச்ஐவி, சிபிலிஸ் மறுசோதனைகளோ ஆறாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் வருகின்றன. கடைசிச் சோதனைக்கு முன்பே கோப்பு மூடிவிடுகிறது. அதன்பின் பாதிக்கப்பட்ட பெண்ணைத் தேடுவது யார் பொறுப்பு?

அவிநாசி போன்ற ஊரில் இக்கேள்வி கூர்மையாகிறது. ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் திருப்பூர், 40 கி.மீ. தொலைவில் கோவை. பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் வெளிமாவட்ட, வெளிமாநிலப் பெண்கள் ஏராளம். மறுசோதனைக்கு ஒரு நாள் என்றால் ஒரு ஷிப்ட் கூலி போச்சு. மேஸ்திரியிடம் காரணம் சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் அவள் சொந்த ஊருக்கே போயிருக்கலாம். அவள் வராததை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவது அநியாயம்.

‘ஆய்வக முடிவு முழுமையாகாவிட்டால் வழக்கு வலுவிழக்காதா?’ என்று கேட்கலாம். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது; அங்கே வழக்கைத் தாங்கியவை பெண்களின் சாட்சியமும் மின்னணுத் தடயமும். பிந்தி வரும் முடிவு தேவைப்பட்டால் துணை அறிக்கையாகச் சேர்க்கச் சட்டத்தில் வழியுண்டு.

ஆகவே மறுசோதனையை வழக்கிலிருந்து பிரித்து, சிகிச்சையின் பகுதியாக்க வேண்டும். அவள் எந்த ஊரில் இருந்தாலும் அங்குள்ள எச்ஐவி ஆலோசனை-பரிசோதனை மையத்தில் (தமிழகத்தில் ‘நம்பிக்கை மையம்’), வழக்கைச் சொல்லாமலேயே ரத்தம் கொடுக்க ஒரு பரிந்துரைச் சீட்டு போதும். அடுத்த தேதிகள் அவள் மொழியில் எழுதப்பட்டு, அவள் சம்மதித்த எண்ணுக்கு, சம்மதித்த நேரத்தில் மட்டும் நினைவூட்டல் போக வேண்டும். முதல் நாளில் எடுத்த ரத்தம் கணக்கைத் தொடங்கி வைக்கிறது. மூன்றாம் மாத ரத்தம் வரும்வரை அந்தக் கணக்கை முடிந்ததாக எழுதலாகாது.