புக்கிட் பத்து பகாட் கற்கோயிலை எழுப்பியோர் யாவர்?

கெடா மாநிலத்து மெர்போக்கில், ஜெராய் மலையின் அடிவாரத்தே, ஓடைக்கரை மேட்டில் ஒரு கருங்கற் கட்டடத்தின் அடித்தளம் நிற்கின்றது. இதனைச் சண்டி புக்கிட் பத்து பகாட் என வழங்குவர். 'பத்து பகாட்' என்னும் மலாய்ச் சொற்றொடர்க்குச் செதுக்கிய கல் என்பது பொருள். தோட்டப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர் பலர்க்கும், "இராசேந்திர சோழன் கட்டிய கோயில்" என்றே இஃது அறிமுகம் ஆகின்றது. அதற்குச் சான்று உண்டா?

குவாரிட்ச் வேல்ஸ் தம் துணைவியாருடன் 1936-37-இல் இவ்விடத்தை அகழ்ந்தார். பின்னர் அலாஸ்டேர் லாம்ப் 1959-60-இல் மீண்டும் ஆராய்ந்து, சிதறிய கற்களை அடுக்கிக் கட்டடத்தைச் சீரமைத்தார். கருவறைப் பகுதியாகிய விமானமும், அதன் முன்னே மண்டபமும் அமைந்த முறை தென்னாட்டுக் கோயிலை நினைவூட்டுவது உண்மையே. ஆனால் மண்டபத்தில் எஞ்சியவை குழியிட்ட தூண் பீடங்கள். அவற்றின்மேல் மரத்தூண்கள் நின்றிருத்தல் வேண்டும். கூரையும் மரத்தாலாயதே எனலாம். சோழர் கற்றளிக்கு இது பொருந்துமா என்பதைத் தமிழாசிரியர் எண்ணிப் பார்த்தல் தகும்.

அகழ்வில் ஒன்பது குழிகளையுடைய கற்பேழைகளும் கிடைத்தன. இவை இறந்த அரசனின் எச்சத்தைக் காத்தவை என்றும், ஆகவே சாவக நாட்டுச் சண்டிகளைப் போல இதுவும் நினைவுக்கோயில் என்றும் ஒரு கருத்து எழுந்தது. 1966-இல் ஸ்டான்லி ஓக்கானர் இத்தகைய பேழைகளை ஒப்பிட்டு, கோயிலை எழுப்புங்கால் சடங்கோடு புதைக்கும் வைப்புப் பேழைகளாக விளக்கினார். நம்மவர் கருப்பவிதானம், கருப்பநியாசம் என்பவற்றை அறிந்தோர் ஆதலின், இவ்விளக்கம் எளிதில் விளங்கும். இதுவே வலுவுடையதும் ஆகும்.

இனி இராசேந்திரனுக்கு வருவோம். 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பை அவன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கின்றது. கைக்கொண்ட செல்வத்தையும் தோரணத்தையும் கூறுகின்றது. கோயில் எடுத்ததாக ஒரு சொல்லும் இல்லை. மாறாக, கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எடுப்பித்ததையும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்ததையும் ஆனைமங்கலச் செப்பேடு உரைக்கின்றது. கட்டட மரபு வணிகர் வழியாகவும், சிற்பியர் வழியாகவும் இருபுறமும் சென்றது என்பதே இதனால் பெறப்படும். உள்ளூர் அரசரோ செல்வரோ தென்னாட்டு அமைப்பை ஏற்றுத் தம் நாட்டு மரவேலையோடு இணைத்திருக்கலாம். படையெடுத்தவன் பெயரை ஒட்டாமலும் தமிழர் தொடர்பு இங்குத் தெளிவாகவே தெரிகின்றது.

இவ்வழக்கைத் தீர்க்க வேண்டிய தடயங்கள் பள்ளத்தாக்கின் பிற இடிபாடுகளிலும் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய சுங்கை பத்துவின் சண்டி எண் 11, 2013-இல் நில மேம்பாட்டுப் பணியில் தரைமட்டமாக்கப்பட்டது.