பாய்ச்சல் தாக்குதல் (ஐஸ் ஹாக்கி)

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி தன் பகுதியில் ரப்பர் வட்டைக் கைப்பற்றி, எதிரணி தற்காப்பு நிலைகொள்ளும் முன்பே நடுப்பகுதியைக் கடந்து, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டுக்குள் விரைந்து நுழைவது பாய்ச்சல் தாக்குதல் எனப்படும். கோல்காப்பாளர் நீங்கலாக ஓர் அணியில் ஐவர் ஆடுவர்: முன்வரிசையில் மூவர், தடுப்பில் இருவர். பழைய கனடியப் பயிற்சியில் பக்க வீரர் தன் ஓரத்தை விட்டு விலகுவது பிழையாகக் கருதப்பட்டது. தடுப்பு வீரர் பெரும்பாலும் பின்னாலேயே நின்றார். நெகிழ்வான முறையில் வீரரின் பெயரோடு ஒட்டிய இடம் என்று ஏதுமில்லை. யார் எந்த வரிசையில் வந்து சேர்கிறார் என்பதே அவர் வேலையை முடிவு செய்கிறது.

இம்முறையின் வேர் ரஷ்யாவின் பாண்டி ஆட்டத்தில் உள்ளது. கால்பந்துத் திடல் அளவிலான பனிப்பரப்பில், அணிக்குப் பதினொருவராகப் பந்தைக் கொண்டு ஆடும் அந்த விளையாட்டில், இடைவிடாத ஓட்டமும் குறும்பாஸ்களும்தான் வெற்றி தரும். சோவியத் நாட்டின் முதல் ஐஸ் ஹாக்கிப் போட்டித்தொடர் 1946 டிசம்பரில் தொடங்கியபோது, களமிறங்கியவர்களில் பலர் பாண்டியும் கால்பந்தும் ஆடிப் பழகியவர்கள். அவர்களுள் விசெவலோத் போப்ரொவ், எவ்கேனி பாபிச், அனத்தோலி தாராசோவ் ஆகிய மூவர் ஒரே வரிசையில் ஆடினர். 1954இல் ஸ்டாக்ஹோமில், தாங்கள் பங்கேற்ற முதல் உலகப் போட்டியிலேயே சோவியத் அணியினர் கனடாவை 7–2 என வென்று பட்டம் பெற்றனர்.

இதைப் பயிற்சி முறையாக வகுத்தவர் தாராசோவ் (1918–1995). கனடியரான லாயிட் பெர்சிவல் 1951இல் வெளியிட்ட பயிற்சி நூலை அவர் ஊன்றிப் படித்தார். ஆயினும் ஐவரையும் ஒரே தாக்குதல் அலகாக இயக்கிய பெருமை அவருக்கே உரியது. தொடக்க ஆண்டுகளில் பனித்தளம் அரிதாக இருந்ததால் தரையிலேயே கால்பந்து, கூடைப்பந்து, பளுதூக்கல், கரணம் ஆகியவற்றைப் பயிற்றுவித்தார். வட்டு வைத்திருப்பவரைவிட வட்டில்லாதவரின் நகர்வையே அவர் கூர்ந்து திருத்தினார். 1960களின் பிற்பகுதியில் ஒரு தடுப்பாளர், இரு இடைநிலையாளர், இரு முன்வரிசையாளர் என்று புதிய அமைப்பையே முயன்றார். சிறந்த தாக்குதல் வீரரான அனத்தோலி ஃபிர்சோவ் அதில் இடைநிலைக்கு இறங்கி ஆடினார். அர்க்காதி செர்னிஷோவும் தாராசோவும் இணைந்து பயிற்றுவித்த தேசிய அணி 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்களை வென்றது.

1972 செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியாலில், வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல் வீரர்களைக் கொண்ட கனடா சோவியத் அணியிடம் 3–7 எனத் தோற்றது. எட்டு ஆட்டத் தொடரைக் கனடா 4–3 எனக் கைப்பற்றியபோதும் (ஓர் ஆட்டம் சமன்), அதன் பயிற்சியாளர்கள் அதன்பின் ரஷ்ய முறையைக் கற்கத் தொடங்கினர். 1995இல் என்எச்எல் அணியான டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன், ரஷ்யர்களான ஃபெத்திசோவ், கொன்ஸ்தந்தீனொவ், லரியோனொவ், ஃபியோதொரொவ், கஸ்லோவ் ஆகிய ஐவரையும் ஒருசேரக் களமிறக்கினார். அந்த அணி 1997இல் என்எச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

பயிற்சியில் மூன்று வேலைகள் கற்பிக்கப்படுகின்றன. வட்டுடன் நுழைபவர் முதலாமவர். கோலை நோக்கி நேரே சறுக்கி, தடுப்பாளர்களைப் பின்னுக்குத் தள்ளுபவர் இரண்டாமவர். அவர்கள் பின்வாங்கியதால் திறந்த இடத்துக்குச் சற்றுத் தாமதித்து வருபவர் மூன்றாமவர். தடுப்பு வீரர் நான்காமவராக முன்னேறினால், ஒரு முன்வரிசையாளர் அவருடைய இடத்தைக் காக்க வேண்டும். இந்தப் பழக்கம் படியாத அணி எதிர்த்தாக்குதலில் கோல் வாங்கும். வட்டுக்கு முன்னால் எவரும் நீலக்கோட்டைக் கடக்கலாகாது என்பதால் வேகத்தை அளந்து ஓடவும் பழக்குவர். மூவருக்கு இருவர், இருவருக்கு ஒருவர் என ஆட்களைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் வேலைகளை மாற்றி ஆடவைப்பதே முதன்மைப் பயிற்சி. வட்டை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தும் முறை எளிதானது. ஆனால் கையிலிருந்த வட்டை அது எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறது.

தற்காப்புப் பகுதியிலிருந்து நடுக்கோட்டுக்கு அப்பால் பாஸ் அளிப்பதற்கான தடையைப் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1998இலும், என்எச்எல் 2005இலும் நீக்கின. இன்று ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் தடுப்பு வீரர்கள் தாக்குதலில் சேர்வது வழக்கம்.