ஃபிராங்க் ரூடி

மரியன் ஃபிராங்க்ளின் ரூடி (1925–2009) அமெரிக்க விண்வெளிப் பொறியாளர், புத்தாக்கர். அழுத்தமூட்டிய வாயு அடைத்த மெல்லிய பைகளை விளையாட்டுக் காலணியின் அடிப்பகுதியில் பொருத்தி, தரையின் அதிர்ச்சியைத் தாங்கும் முறையை உருவாக்கியவர். நைக்கி நிறுவனத்தின் ‘ஏர்’ வகைக் காலணிகள் அனைத்துக்கும் இவருடைய கண்டுபிடிப்பே அடிப்படை.

பின்னணி

ஓடுபவரின் பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. 1970களில் இதைத் தாங்க நுரைப் பொருள்களே பயன்பட்டன. ஓட ஓட நுரையின் நுண்ணறைகள் நசுங்கி, அது மீளும் தன்மையை இழந்துவிடும். காற்று அப்படித் தேய்வதில்லை.

காலணிக்குள் காற்றை அடைக்கும் எண்ணம் ரூடிக்கு முன்பே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பலர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். ஆனால் அடைத்த காற்று நிலைக்கவில்லை. உறையின் வழியே மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறியது. விண்வெளித் துறையிலிருந்து விலகிய ரூடி, தம் கூட்டாளி பாப் போகர்ட்டுடன் சேர்ந்து இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்.

செயல்படும் விதம்

ரூடி இரண்டு முடிவுகளை எடுத்தார். உறைக்கு, வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் படலத்தைத் தேர்ந்தார். அதற்குள் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக, ஹெக்ஸாஃபுளோரோஈத்தேன், சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு போன்ற பெரிய மூலக்கூறு வாயுக்களை அடைத்தார். இவற்றின் மூலக்கூறுகள் படலத்தைக் கடந்து வெளியேற மிக நீண்ட காலம் ஆகும்.

இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. பைக்குள் தொடக்கத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இல்லாததால், சுற்றியுள்ள காற்றிலிருந்து அவை படலத்தின் வழியே உள்ளே ஊடுருவுகின்றன. அடைத்த வாயு வெளியேறுவதற்கு முன்பே இவை உள்ளே சேர்வதால், பையின் அழுத்தம் முதல் சில மாதங்களில் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. பின்னர் பல ஆண்டுகள் நிலைக்கிறது. காற்றுப் பையை நம்பத்தக்க காலணிப் பாகமாக மாற்றியது இந்த நுட்பமே. ரூடியின் உண்மையான சாதனையும் இதுதான். இது தொடர்பான அவருடைய அமெரிக்கக் காப்புரிமை 1980 ஜனவரியில் வழங்கப்பட்டது.

நைக்கியுடன் ஒப்பந்தம்

அடிடாஸ் நிறுவனம் ஆர்வம் காட்டாத நிலையில், 1977இல் ரூடி ஓரிகன் மாநிலத்திலிருந்த நைக்கியை அணுகினார். நிறுவனர் ஃபில் நைட் முதலில் ஐயப்பட்டார். மாதிரியைத் தம் காலணியில் பொருத்தி ஓடிப் பார்த்த பின் மனம் மாறினார். ரூடி ஒரு ஜோடிக்கு 20 சென்ட் உரிமைத்தொகை கேட்டார்; நிறுவனம் 10 சென்ட் தர முன்வந்தது; நீண்ட பேரத்துக்குப் பின் இடைப்பட்ட தொகை முடிவானது.

முதல் காலணியான ‘டெயில்விண்ட்’ 1978இல் ஹொனலுலு மாரத்தானையொட்டிச் சிறிய அளவில் வெளியானது. அடுத்த ஆண்டு பரவலாக விற்பனைக்கு வந்தது. மேற்பகுதியின் வெள்ளி வண்ணத்தில் கலந்திருந்த உலோகத் துகள்கள் துணியை அறுத்ததால் ஏராளமான ஜோடிகள் திரும்பி வந்தன. குறை மேல்துணியில் இருந்ததே தவிர, ரூடியின் காற்றுப் பையில் இல்லை.

பிற்கால வளர்ச்சி

1982இல் ‘ஏர் ஃபோர்ஸ் 1’ வழியே இந்த நுட்பம் கூடைப்பந்துக்கு வந்தது. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பையை, 1987இல் வடிவமைப்பாளர் டிங்கர் ஹேட்ஃபீல்டு ‘ஏர் மேக்ஸ்’ காலணியின் பக்கவாட்டுத் திறப்பு வழியே வெளிக்காட்டினார். ரூடியும் ஆய்வைத் தொடர்ந்தார். பையின் மேல், கீழ்ப் பரப்புகளை உள்ளிழைகளால் பிணைத்துத் தட்டையாகவே வைத்திருக்கும் உறைக்கு 1990இல் காப்புரிமை பெற்றார்.

சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு மிகக் கடுமையான பசுமைக்குடில் வாயு; ஒரு நூற்றாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டைஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும். இந்தக் கேடு தெரிந்த பின் நைக்கி மாற்று தேடியது. மாற்றாகத் தேர்ந்த நைட்ரஜன் எளிதில் கசிவதால், மிக மெல்லிய பல அடுக்குகள் கொண்ட புதிய படலத்தை உருவாக்க வேண்டியிருந்தது. 2006இல் இம்மாற்றம் நிறைவுற்றது.

மதிப்பீடு

இக்காலணிகளின் புகழ் பெரும்பாலும் மைக்கேல் ஜோர்டன் போன்ற வீரர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் சேர்ந்தது. வாயு மாறியது, படலம் மாறியது, பையின் வடிவமும் மாறியது. ஆயினும் கசியாத உறைக்குள் அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் காப்பது என்னும் ரூடியின் தீர்வு இன்றும் அக்காலணிகளின் ஆதாரமாக நிற்கிறது. விளையாட்டுக் காலணியின் வரலாற்றில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.