வழிப்போக்கரின் வானொலி



திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்கினால், சமவெளியில் சாலைகள் பல திசைகளிலும் பிரிந்து செல்வதைக் காணலாம். திருச்சிக்கும் கரூருக்கும் மதுரைக்கும் வத்தலக்குண்டுக்கும் அவை வழிகாட்டுகின்றன. பூட்டு, புகையிலை, பதனிட்ட தோல், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி ஆகியவை இச்சாலைகளில்தான் லாரியேறி வெளியூர் செல்கின்றன. அக்காலத்தில் கோட்டைக் காவலன், தொலைவில் வருவது யாதென்று முன்னரே அறிய விரும்பினான். லாரி ஓட்டுபவரின் விருப்பமும் அதுவே.

எங்கள் வீட்டருகில் லாரிகள் நிற்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கு வரும் முதிய ஓட்டுநர் ஒருவரை நான் மாமா என்று அழைப்பேன். நத்தம் சாலையில் ஒரு மழை இரவில், வளைவுக்கு அப்பால் புளியமரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்ததாம். பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க, சாக்குத் துணியை டீசலில் நனைத்துக் கொளுத்திக்கொண்டு அவர் நெடுந்தூரம் ஓடினாராம். இதைச் சொல்லிவிட்டு, அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, என் வண்டியில் இருக்கிற ரேடியோ எங்கிருந்தோ பாட்டைக் கொண்டு வருகிறதே! பின்னால் வருகிறவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல அது ஏன் உதவவில்லை?” அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் வரலாற்றைப் படித்தபோது, அக்கேள்வி கருவியைப் பற்றியது மட்டுமன்று, உரிமையைப் பற்றியதும் ஆகும் என்று உணர்ந்தேன்.

நம் நாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கி வைத்தவர்களுள் ஆர்வலர்கள் முன்னிற்கின்றனர். 1924-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பத் தொடங்கியது. ஆனால் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பாட்டுக் கேட்கும் பெட்டிக்குக்கூட அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற்ற காலம் ஒன்றிருந்தது. கேட்பதற்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், பேசுவதற்கு எளிய மனிதனுக்கு வழி ஏது?

அமெரிக்காவில் நிலைமை வேறு விதமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், பொதுமக்கள் தம்முள் பேசிக்கொள்ளச் சில அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 வழிகள் திறக்கப்பட்டன. இதுவே சி.பி. எனப்படும் குடிமக்கள் அலைவரிசை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டில் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. எரிபொருள் எங்கே கிடைக்கும், சாலை எங்கே அடைபட்டது, காவலர் எங்கே நிற்கிறார் என்றெல்லாம் லாரி ஓட்டுநர்கள் வானலையில் பரிமாறிக்கொண்டனர். கூட்டம் பெருகவே, 1977-இல் வழிகள் 40 ஆயின. அவற்றுள் 9-ஆவது ஆபத்துதவிக்கு உரியது; 19-ஆவது ஓட்டுநர்களின் சந்திப்பிடம் ஆயிற்று.

இந்தியாவில் அக்கதவு 2005-ஆம் ஆண்டில் திறந்தது. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலுடன் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி செய்யப்பட்டது. ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் இந்த எல்லையைப் பார்த்தல் வேண்டும். அமெரிக்கப் பெட்டியின் 40 வழிகளுள் முதல் 27 மட்டுமே இதற்குள் அடங்கும். அடுத்தது மின்சாரம். கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குகின்றன, சி.பி. பெட்டிகளுள் பல 12 வோல்ட்டுக்கு அமைந்தவை. இடையே மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி இல்லையேல் பெட்டி கருகிவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஏரியல். இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் கால் பங்கு 2.75 மீட்டர். அத்தனை நீளக் கம்பி சாலையோர மரக்கிளைகளில் சிக்கும் என்பதால், அடியில் கம்பிச் சுருள் வைத்துக் குட்டையாக்குவர். வண்டியின் உலோகக் கூடே அதற்குத் தரையாகிறது. அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு ஏரியலில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதை அளவுமானி காட்டும். அந்த விகிதம் 1.5-க்குள் இருப்பது நன்று, 2-ஐத் தாண்டலாகாது. உயர்ந்த எண் வழியைவிடத் தாழ்ந்த எண் வழியில் அது மிகுந்தால் கம்பி குட்டை என்றும், மாறாக இருந்தால் நீளம் என்றும் அறிந்து திருத்தலாம். இத்தனையும் செய்தாலும் குரல் எட்டுவது சில கிலோமீட்டர்தான். சமவெளியில் சற்றுக் கூடும். இடையில் சிறுமலை நின்றால் குறையும். வண்டி ஓடும்போது ஓட்டுநரின் கை சக்கரத்தை விடலாகாது. உடன் வரும் கிளீனர் பேசட்டும்.

இருப்பினும் இக்கருவி நம் லாரிகளில் பரவவில்லை. கதவு திறந்த காலத்தில் கைப்பேசி ஓட்டுநரின் சட்டைப்பைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மேலும், சி.பி. வானொலிக்கு ஓர் இயல்பு உண்டு: ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அது வெறும் பெட்டி, பலர் வைத்திருந்தால்தான் அதற்கு உயிர். ஆனால் கைப்பேசி, நாம் எண் அறிந்தவரிடமே நம்மைச் சேர்க்கிறது. பின்னால் வரும் முன்பின் அறியாத ஓட்டுநரின் எண் நமக்கு எப்படித் தெரியும்? பெயர் அறியாத அந்த மனிதனையும் நம் குரலால் காக்கலாம் என்பதே சி.பி. வானொலியின் தனிச்சிறப்பு.

மாமா இன்று இல்லை. அவர் கேட்ட கேள்விக்குச் சட்டம் விடை சொல்வதற்குள் அவருடைய ஓட்டமெல்லாம் முடிந்துவிட்டது. கருவியைக் கண்டுபிடிப்பது ஒரு வரலாறு. அது எளியவர் கைக்கு உரிய காலத்தில் சென்று சேர்வது மற்றொரு வரலாறு. மாணவர்களே, முதலாவதை நூல்கள் உங்களுக்குச் சொல்லும். இரண்டாவதைக் கேட்டறிய, லாரிப் பட்டறைக்கும் ஒருமுறை சென்று வாருங்கள்.