கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியும் எங்க வீட்டுப் பரணும்

நண்பர் ஒருத்தர் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பி இருந்தார். "அவசர காலத்துக்கு வீட்டில் வைத்திருக்க வேண்டியவை." தகர டப்பாவில் அடைச்ச பீன்ஸ், 25 வருஷம் கெடாத உலர் உணவு, காற்றுப் புகாத வாளியில் கோதுமை, ஜெனரேட்டர், இதையெல்லாம் அடுக்க கார் ஷெட்டில் ஒரு அலமாரி. எந்த ஊர்க்காரர் எழுதினதோ. எங்க வீட்டுல கார் ஷெட் இல்லை. காரும் இல்லை :-)

அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "இன்னாடா இது, இருவத்தஞ்சு வருசத்துக்கு சோத்தை கட்டி வெச்சுக்கினு எங்க ஒக்காரப் போறான்? தண்ணி உள்ள வந்தா மொதல்ல மெதக்கப் போறது அந்த டப்பாதான்"ன்னாங்க.

சிரிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா சிரிப்பு வரலை. நான் திருவொற்றியூர்க்காரன். 2023 டிசம்பர்ல ஒரே மாசத்துல ரெண்டு விதமா மாட்டினோம். மாச ஆரம்பத்துல மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 ரெண்டு நாள் மழை. தெருவெல்லாம் தண்ணி, கரண்ட் இல்லை, பால் இல்லை. வீட்டுல இருந்த அரிசி, பருப்பு, கருவாட்டை வெச்சுதான் ஓட்டினோம். மாசக் கடைசியில், 26-ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூர்ல அம்மோனியா கசிவு. கப்பல்லேர்ந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கோளாறு. குப்பத்து ஜனம் மொத்தமும் தூக்கத்துலேர்ந்து எழுந்து ஓடுச்சு. எங்க சித்தி குடும்பம் ராத்திரி ஒரு மணிக்கு மேல எங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. சித்தப்பா தோள்ல பேரன். சித்தி முகத்துல ஈரத்துண்டு. கையில வேற ஒண்ணும் இல்லை. வெள்ளத்துக்கு அப்புறம் சேர்த்து வெச்ச அரிசியும் பருப்பும் பூட்டின வீட்டுக்குள்ள பத்திரமா இருந்துச்சு.

முதல் ஆபத்துக்கு வீட்டுல கையிருப்பு வேணும். ரெண்டாவது ஆபத்துக்கு அதே கையிருப்பை விட்டுட்டு ஓடத் தெரியணும். இந்த ரெண்டும் வடசென்னைக்குப் புதுசா, பழசான்னு கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். ரொம்பப் பழசு மக்களே.

ராயபுரம் பக்கத்துல இருந்தே ஆரம்பிப்போம். எங்க பக்கத்துப் பெரியவங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டாங்க. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். நோயாளிக்குக் கஞ்சி ஊத்தறதால அந்தப் பேருன்னு சின்ன வயசுல நினைச்சுட்டிருந்தேன். விஷயம் அதை விடப் பெரிசு.

1780-ல ஹைதர் அலி படை கர்நாடகப் பிரதேசத்துக்குள்ள (இன்னிக்கு வட தமிழ்நாடுன்னு வெச்சுக்கலாம்) இறங்குச்சு. சென்னையைச் சுத்தி இருந்த ஊர்கள் அழிஞ்சு, விவசாயம் படுத்து, கிராமத்து ஜனமெல்லாம் பட்டணத்துக்குள்ள வந்து குவிஞ்சாங்க. பட்டணமோ கப்பல்ல வர்ற அரிசியை நம்பி இருந்த ஊர். அப்போ துறைமுகமும் கிடையாது. கப்பல் நடுக்கடல்ல நிக்கும், மசூலாப் படகுல மூட்டையை ஏத்தி அலையைத் தாண்டி கரைக்குக் கொண்டு வரணும். 1782 அக்டோபர் 15-ஆம் தேதி ராத்திரி பெரும்புயல். மறுநாள் பார்த்தா கரையெல்லாம் உடைஞ்ச மரக்கலம். பசிச்சுக் கிடந்த ஊருக்காக வந்த அரிசி கடலோட போச்சு.

ஒரு ஊரோட மொத்தக் கையிருப்பும் இன்னும் கரைக்கே வராம அலை மேல நின்னா என்ன ஆகும்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. பிணங்களை வண்டியில ஏத்திட்டுப் போய் ஊருக்கு வெளியே புதைச்சாங்கன்னு அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்லுது.

அந்தப் பஞ்சத்துலதான் நிதி திரட்டி, ஏழைகளுக்குக் கஞ்சி ஊத்த ஒரு இடம் ஏற்பாடு பண்ணாங்க. மணியக்காரர் பொறுப்புல நடந்ததால மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில அது 'மொனேகார் சவுல்ட்ரி' ஆயிடுச்சு. பஞ்சம் போன பிறகும் சத்திரம் போகலை. ஆதரவில்லாதவங்க, வயசானவங்க தங்கற இடமா நின்னுச்சு. 1799-ல ஜான் அண்டர்வுட்ங்கற டாக்டர் அங்கே ஒரு மருத்துவமனை ஆரம்பிச்சார். அது வளர்ந்து, அரசு கைக்குப் போய், 1938-ல ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆச்சு. ஸ்டான்லிங்கறவர் 1929-லேர்ந்து 1934 வரைக்கும் ஆளுநரா இருந்தவர். அவர் பேரு போர்டுல இருக்கு. ஜனங்க நாக்குல இருக்கறது கஞ்சித்தொட்டி.

சரி, நூறு வருஷம் தாண்டுவோம். 1876-ல மழை பொய்ச்சுது. தாது வருஷப் பஞ்சம். இந்தத் தடவை கதை வேற. சென்னைக் கடற்கரையில தானியம் இருந்துச்சு. கப்பல் கப்பலா வந்து இறங்கி, மூட்டை மூட்டையா மணல்ல மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. பக்கத்துலயே காவல். சிந்தின தானியத்தை மணலோட கூட்டி எடுக்க ஏழைப் பொம்பளைங்க காத்துக் கிடந்தாங்க.

சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் பிரபு. அவரோட அரசு ஆரம்பத்துலயே ரகசியமா 30,000 டன் தானியம் வாங்கி கையிருப்பு வைக்கப் பார்த்துச்சு. நம்ம சப்ஜெக்ட்டே இதுதானே! ஆனா வைஸ்ராய் லிட்டன் அரசுக்கு அது பிடிக்கலை. தானிய வியாபாரத்துல அரசாங்கம் கை வைக்கக் கூடாது, விலை ஏறினா வியாபாரி தானா சரக்கு கொண்டு வருவான்ங்கறது அவங்க கொள்கை. வியாபாரி கொண்டு வந்தார், உண்மைதான். வாங்கக் காசு இருந்தவனுக்குத்தான் அது கிடைச்சுது.

1877 ஜனவரியில சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார், செலவைக் குறைக்க. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்குத் தினக்கூலி ஒரு பவுண்டு தானியத்தோட விலையும் கொஞ்சம் சில்லறையும்னு கணக்குப் போட்டார். ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டறவனுக்கு! சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதுல உடம்பு தாங்காதுன்னு எழுத்துல சண்டை போட்டார். 1878-ல முடிஞ்ச அந்தப் பஞ்சத்துல 50 லட்சத்துக்கு மேல செத்திருப்பாங்கன்னு மதிப்பீடு.

எண்ணூர் வழியா போற பக்கிங்காம் கால்வாய்க்கும் இந்தப் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு. வடக்குப் பக்கத்துக் கால்வாய் 1806 வாக்குல பேசில் காக்ரேன் வெட்டினது. 1877-78-ல பஞ்ச நிவாரண வேலையா கூவத்தையும் அடையாறையும் இணைச்சு வெட்டினாங்க. அப்புறம்தான் மொத்தக் கால்வாய்க்கும் பக்கிங்காம் பேரு. பட்டினி கிடந்தவன் வெட்டின மண்ணுங்க அது.

1782-ல கையிருப்பு கடல்ல போச்சு. 1877-ல கையிருப்பு கரையிலயே இருந்துச்சு, ஜனம் போச்சு. ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

இதெல்லாம் பசி வந்த கதை. அடுத்தது ஓடின கதை.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல எம்டன். ஜெர்மன் கப்பல், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். துறைமுகப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளைக் குறி வெச்சு அரை மணி நேரத்துல 120-க்கு மேல குண்டு போட்டுட்டுப் போயிடுச்சு. தொட்டிகள் எரிஞ்ச வெளிச்சம் ஊரு பூரா தெரிஞ்சுது. அடுத்த சில நாள் ஜனங்க ரயில்லயும் மாட்டு வண்டியிலயும் ஊரைக் காலி பண்ணாங்க. கில்லாடி ஆளை "அவன் பெரிய எம்டன்"ன்னு சொல்றது அப்போ வந்த பழக்கம். (வடிவேலு கலக்கின 2006 படம் முதல்ல 'எம்டன் மகன்'தான். தமிழ்ப் பேருக்கு வரிவிலக்குன்னதும் 'எம் மகன்' ஆச்சு.)

எம்டன் குறி வெச்சது எதை? ஊரோட அரிசியை இல்லை. எண்ணெய்க் கையிருப்பை. பட்டணம் முழுக்க விளக்கேத்தற மண்ணெண்ணெய் எங்க பக்கம் கிடந்தது, அதனால எங்க பக்கம் குண்டு விழுந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

1942-ல ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. மார்ச் 8 ரங்கூன் ஜப்பான்காரன் கையில விழுந்துச்சு. பர்மா அரிசி நின்னுச்சு. ஏப்ரல் 5 கொழும்பு மேல குண்டு, மறுநாள் காக்கிநாடா, விசாகப்பட்டினம். அடுத்தது சென்னைதான்னு பயம். அவசியம் இல்லாதவங்க ஊரை விட்டுப் போங்கன்னு அரசே சொல்லுச்சு. அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் போச்சு. சென்ட்ரல் பக்கத்துல இருந்த மிருகக்காட்சிசாலையில, குண்டு விழுந்தா தப்பிச்சிடும்னு சிங்கம் புலியையெல்லாம் சுட்டே கொன்னாங்க. படை வரலை. 1943 அக்டோபர்ல ஒத்தை விமானம் வந்து குண்டு போட்டுட்டுப் போச்சு, பெரிய சேதம் இல்லை.

ஓடின ஜனம் திரும்பி வந்துச்சு, அரிசி திரும்பலை. 1943-ல நகரத்துல ரேஷன் வந்துச்சு. 1952-ல ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். ஆனா ரேஷன் கடைங்கற யோசனை நம்ம ஊர்ல வேர் விட்டுடுச்சு. இன்னிக்கு கியூவுல நின்னு அரிசியில கல்லு இருக்குன்னு திட்டறோம். நானும் திட்டியிருக்கேன். ஆனா 1877 கடற்கரையை நினைச்சுப் பார்த்தா, காவலுக்கு உள்ளே இருந்த மூட்டை கார்டு வெச்சிருக்கறவன் கைக்கு வந்ததுதான் அந்தக் கடை. கஞ்சித்தொட்டிக்குப் பேத்தி முறை.

இப்போ எம்டன் விஷயத்துக்குத் திரும்புவோம். 2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட் துறைமுகத்துல கிடப்புல இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சுது. உடனே எல்லா ஊர்லயும் கிடங்கைத் தேடினாங்க. நம்ம மணலியில, 2015-ல பறிமுதல் பண்ணின சுமார் 700 டன் அதே சரக்கு கன்டெய்னர்கள்ல கிடந்துச்சு. அஞ்சு வருஷமா! பக்கத்துல குடியிருந்தவனுக்குத் தெரியாது. அந்த மாசமே லாரியில ஏத்தி ஹைதராபாத் அனுப்பினாங்க. 2023 வெள்ளத்துல மணலிப் பக்கத்துலேர்ந்து வந்த எண்ணெய், அதே பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துல கலந்து, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் அப்பிடுச்சு. அந்த மாசக் கடைசியிலதான் அம்மோனியா.

ஊருக்கு வேண்டிய எண்ணெய், கேஸ், நிலக்கரி, உரம் எல்லாத்தையும் அடுக்கி வைக்கற பரண் எங்க ஏரியா. பரணுக்குக் கீழே படுத்திருக்கறவங்க நாங்க. "வீட்டுல என்ன வெச்சிருக்கே?"ன்னு பட்டியல் கேக்குது. வீட்டுக்குப் பக்கத்துல என்ன வெச்சிருக்காங்கன்னும் தெரிஞ்சாதான் எங்களுக்குப் பட்டியல் முழுசாகும்.

இவ்ளோ படிச்சுட்டு நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. ரெண்டு பங்கா பிரிச்சுட்டேன்.

ஒண்ணு, தங்கறதுக்கு. பரண் மேல, தரையில கிடையாது. அம்மா யோசனைதான் முழுக்க. சமைக்க வழியில்லைன்னாலும் சாப்பிடற மாதிரி அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். அடுப்பு இருந்தா அரிசி, பருப்பு, புளி, உப்பு, வத்தல், நெத்திலிக் கருவாடு. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளையும் மழைக்காலத்தையும் தாண்டற குப்பத்து வீடுகள்ல இதெல்லாம் எப்பவும் இருக்கறதுதான், யாரும் சொல்லித் தரலை. மூடி போட்ட கேன்ல குடிதண்ணி, குளோரின் மாத்திரை, டார்ச், மெழுகுவத்தி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இறக்கி, சாப்பிட்டு, புதுசு வைக்கணும். 25 வருஷம் தாங்கணும்னு அவசியமே இல்லை.

ரெண்டு, ஓடறதுக்கு. வாசக்கதவு ஆணியில ஒரு சின்னப் பை. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் பிளாஸ்டிக் கவர்ல. அம்மாவோட பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு. தண்ணி பாட்டில், பருத்தித் துண்டு. அம்மோனியா தண்ணியில சட்டுனு கரையும், அதனால ஈரத்துணியை மூக்குல கட்டினா கொஞ்சம் தாங்கும். காத்து வர்ற திசையைப் பார்த்து, அதுக்குக் குறுக்கா நகரணும். சித்திக்கு ஈரத்துண்டு தெரிஞ்சிருந்துச்சு. எந்தப் பக்கம் ஓடணும்னு அந்த ராத்திரியில யாரும் சொல்லலை. அதைச் சொல்ற சங்கு ஊருக்குப் பொதுவா இருக்கணும், அதை என் பையில வைக்க முடியாது.

பையை மாட்டி முடிச்சதும் அம்மா பார்த்தாங்க. "ஒரு பைதான் வெச்சுக்கிற. எதிர் வூட்டு ஆயாவுக்கு யாரு மாட்றது?"ன்னு கேட்டாங்க. அந்த ஆயாவுக்கு எண்பது வயசு, தனியா இருக்காங்க. மறுநாள் இன்னொரு பை வாங்கி அவங்க வீட்டு ஆணியில மாட்டிட்டு வந்தேன். ஓடற ராத்திரி அவங்களை யாரு கூட்டிக்கினு வர்றதுன்னும் தெருவுல பேசி வெச்சிருக்கோம்.

பி.கு: இந்த ஆடிக்கு எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறப்ப, பெரிய அண்டா ரெண்டு யாரு வீட்டுல இருக்கு, கேஸ் அடுப்பு யாருது, பத்து படி அரிசி உடனே யாரு தருவாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சேன். மழைக்காலத்துக்கு உதவும். உங்க ஊர்ல இந்த மாதிரி என்ன பழக்கம் இருக்குன்னு சொல்லுங்க, அதையும் நோட்டுல சேர்த்துக்கறேன் :-)