சீதன வீடும் 1876ஆம் ஆண்டும்: மட்டக்களப்பு வளவுகள் பற்றிய ஒரு மறுவாசிப்பு

மட்டக்களப்பு வாவிக்கரையின் பழைய வீடுகளைப் பதிவு செய்வோர் பெரும்பாலும் புளியந்தீவுக் கோட்டையில் தொடங்கி, விறாந்தைத் தூண், ஓட்டுக்கூரை என்று முகப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்த ஊரில் கூரையை வைத்து வீட்டின் வயதைக் கணிப்பது நம்பத்தக்கதல்ல. வீட்டைவிட நிலைப்பது வளவு; அதுவோ தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகிறது. இவ்வழமையை விரிவாக ஆராய்ந்தவர் மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அக்கரைப்பற்றுக் குடும்பங்கள் பற்றிய அவரது 1989ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒதுக்கிவிட்டு இத்துறையில் எவரும் எழுத முடியாது. மட்டக்களப்பு முக்குவச் சமூகத்தின் வழமைச் சட்டமான முக்குவர் சட்டப்படி தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போன சொத்து, பிற்காலத்தில் மகள்மாரின் சீதனமாகத் திசைமாறியது என்பதே அவர் வரையும் வரலாற்றின் சாரமென நான் கொள்கிறேன். வயலுக்கு இது பொருந்தும். வீட்டுக்கும் அப்படியே பொருந்துமா என்பதுதான் கேள்வி.

முக்குவர் சட்டம் பற்றிய கிறிஸ்தோப்பர் பிரிற்றோவின் நூல் 1876இல் வெளிவந்தது. வாரிசுரிமையை மாற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதே ஆண்டிலேயே வந்தது. இந்தத் தற்செயல்தான் அவ்வாண்டைச் சீதன வழமையின் பெரிய எல்லைக்கல்லாகக் காட்டுகிறது போலும். ஆனால் முக்குவர் சட்டத்தில் பரம்பரையாக வந்த முதுசம் வேறு, தேடிய தேட்டம் வேறு. பெண்வழி மருமக்களுக்கு உரியது முதுசமே. கணவனும் மனைவியும் உழைத்துக் கட்டிய வீடு தேட்டம். அதை மகளுக்குக் கொடுக்க எந்தச் சட்டமாற்றத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் பழைய சீதன உறுதிகள் எங்கே என்று கேட்கலாம். காணி கைமாற நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும் என்று விதித்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதற்கு முன் வாய்ச்சொல்லாலும் கலியாணப் பந்தல் சாட்சியாலும் கொடுத்தது கடதாசியில் இராது. உறுதி பெருகியதைக் கண்டு வழமையே அப்போதுதான் பிறந்தது என்று முடிவுகட்டுவது அவசரம்.

வீடு முன்பே மகளுக்குப் போயிருக்கலாம் என்பதற்கு வளவின் அமைப்பும் இடம் தருகிறது. மூத்தவள் கலியாணம் முடித்ததும் பெரிய வீடு அவளுக்கு. தாய் தகப்பன் இளையவளோடு அதே வேலிக்குள் இன்னொன்று கட்டி ஒதுங்குவர். கிணறு பொதுவில் இருக்கும். வீடுகள் எழுந்த வரிசை பெண்மக்கள் கரைசேர்ந்த வரிசையாகவும் இருக்கக்கூடும். முகப்பை மட்டும் வரையும் பதிவில் இது விழாது.

இன்னும் வலுவான சான்று காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் உண்டு. அங்குள்ள சோனகருக்கு (முஸ்லிம்களுக்கு) 1806ஆம் ஆண்டுக் கோவையும் பின்னர் 1931ஆம் ஆண்டு வாரிசுச் சட்டமுமாக வேறு சட்டம். ஆயினும் வீடு மகளுக்கே. அவர்களும் முன்னர் முக்குவ வழமைக்குள் இருந்தவர்கள்தானே என்று மறுக்கலாம். அம்மறுப்பு பாதி சரி. ஆனால் சட்டம் பிரிந்த பின்னும் வீடு பிரியவில்லை என்பதை அது விளக்காது. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் 2010இல் எழுதிய கட்டுரையே எனக்குத் துணை: சுனாமிக்குப் பின் கிடைத்த நிவாரண வீடுகளையும் குடும்பங்கள் மகள்மாரின் சீதனமாகவே எண்ணின. ஆகவே சீதன வீட்டை 1876க்கு முன் வைக்கலாம். 1840க்கு முன்னும் வைக்கலாம் என்பது என் துணிபு. ஒல்லாந்தர் காலம்வரை அதை இழுத்துச் செல்ல இச்சான்றுகள் போதா.