பழைய நூலும் புதிய கேள்வியும்



ஜெலாப்பாங் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பல, இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்த மரங்களை வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கப் போகிறார்கள். அப்போது வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. புத்தகங்களின் விலையோ அதிகம். முன்னே படித்த அண்ணன்மார் கொடுக்கும் பழைய புத்தகம் போதுமா? விடை தேட, நாம் 1928-ஆம் ஆண்டுச் சென்னைக்குப் போய் வருவோம்.

அங்கே மாநிலக் கல்லூரியில் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற தமிழ் இளைஞர் பௌதிகப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு நூல். ஜெர்மானியப் பேராசிரியர் அர்னால்டு சாமர்ஃபெல்டு, அணுவின் அமைப்பையும் ஒளி நிறமாலையையும் பற்றி எழுதியது. 1919-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்து, 1923-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. உலகெங்கும் மாணவர்கள் போற்றிய அந்நூலைச் சந்திரசேகர் தாமாகவே முயன்று படித்துத் தேர்ந்தார்.

அவ்வாண்டு சாமர்ஃபெல்டே சென்னைக்கு வந்து உரையாற்றினார். சந்திரசேகருக்கு அப்போது வயது பதினெட்டு அளவே. ஆனாலும் அவர் கூச்சப்பட்டு ஒதுங்கவில்லை. பேராசிரியரை நேரில் போய்க் கண்டு, அவருடைய நூலைப் படித்ததாகச் சொன்னார். கிடைத்த பதிலோ அவரைத் திகைக்க வைத்தது. நூல் வெளிவந்த பிறகு ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் முதலியோரின் புதிய குவாண்டம் கொள்கை பிறந்து, அணுவைப் பற்றிய கருத்தே மாறிவிட்டது என்றார் நூலாசிரியர்.

அத்துடன் அவர் விட்டுவிடவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தாம் எழுதிய புதிய கட்டுரையின் அச்சுப்படிகளை அந்த மாணவரிடம் கொடுத்தார். சந்திரசேகர் அதைக் கற்று, அதன் வழியில் தாமே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1929-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏடு அதை வெளியிட்டது. அப்போதும் அவர் பட்டப்படிப்பு மாணவரே!

1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் கப்பலிலும் அவர் கணக்குப் போட்டார். அதே எலெக்ட்ரான் கொள்கையை, எரிந்து ஓய்ந்த விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார். வெண்குறுமீன் எனப்படும் அத்தகைய விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். நம் சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அந்த எல்லை. விண்மீன்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? பழைய புத்தகம் வீண் அல்ல. அதை முழுதாகக் கற்றிருந்ததால்தான் சந்திரசேகருக்குப் புதியதும் பிடிபட்டது. நியூட்டனின் இயக்க விதிகள், வெப்பம், ஒளி, மின்சாரம் ஆகியவற்றின் அடிப்படைப் பாடங்களுக்குப் பழைய பதிப்பே பெரும்பாலும் உதவும். புதிய ஆராய்ச்சிகளைப் பற்றிய பகுதிகளுக்கு மட்டும் புதிய பதிப்பை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகத்தின் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்ப்பது அவசியம். பிறர் மரம் வெட்டுவதைப் பார்த்தே யாரும் பால்வெட்டு பழகியதில்லை அல்லவா? கத்தியைத் தன் கையில் பிடித்து, பட்டையின் ஆழம் அறிந்தவரே வெட்டுக்காரர் ஆனார். விடையைப் பார்த்து எழுதும் மாணவர், கத்தியைத் தொடாதவரே ஆவார்.

புத்தகம் நின்றுவிடும் இடத்தில் ஆசிரியரை அணுகிக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் தமிழில் தொடங்கி, மலாயில் தொடர்ந்து, ஆங்கில நூல்களுக்கு வருகிறவர்கள். பேச்சில் பிழை வருமோ என்று பலர் வாய் திறப்பதில்லை. "புரியவில்லை என்றால் கேள்" என்று நாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவோம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. சற்றுத் துணிவு போதும்.